அவசரம்: பாய்மரப் படகு டீசல் என்ஜின் ஓடும்போதே நின்றுவிடுகிறது

கோலாகடல்:
அண்ணன்மாரே, போட் என்ஜின் ஓடிக்கிட்டே இருந்து நின்னுடுது. கொஞ்ச நேரம் விட்டு ஸ்டார்ட் பண்ணா ஒன்னும் நடக்காத மாதிரி ஓடுது. மலேசியாவில லங்காவித் தீவுல இருக்கேன், நாளைக்குப் பினாங்கு கிளம்பணும். ஃபில்டர் மாத்தியாச்சு. என்ன பண்ணலாம்?

நாகை_டிரைவர்:
என்ன என்ஜின் தம்பி? டக்குன்னு நிக்குதா, திணறித் திணறி நிக்குதா? புகை என்ன கலரு?

உப்புக்காத்து:
பாய்மரப் படகுதானே, பாயை ஏத்திட்டுப் போங்க 😀

கோலாகடல்:
மலாக்கா நீரிணையில காத்துக்கு எங்க போறது? பாதி வழி என்ஜின்தான்.

தலைமைப்பொறி:
கேள்வி கேட்பது எப்படி என்று மேலே ஒரு பதிவு ஒட்டி வைத்திருக்கிறேன். ஒருவரும் படிப்பதில்லை. மாடல் என்ன, எந்த ஆர்பிஎம்மில் நிற்கிறது, மாற்றியது எந்த ஃபில்டர்? டீசல் என்ஜினுக்கு எரிபொருள், காற்று, அமுக்கம் மூன்றும் போதும். எது இல்லை என்று பார்க்கத் தெரியாமல் கடலுக்குப் போகிறார்கள்.

கோலாகடல்:
யன்மார் 2ஜிஎம்20எஃப், ரெண்டு சிலிண்டர். ஐடிலிங்ல, சும்மா மெதுவா ஓடுறப்ப நிக்காது. 2500 ஆர்பிஎம்முக்கு ஏத்தினா இருபது நிமிஷம் போல ஓடி, சத்தம் ஏறி இறங்கி நிக்குது. புகையைக் கவனிக்கல. என்ஜின்ல இருக்கிற ஃபில்டரைத்தான் மாத்தினேன்.

சிங்கை_வெல்டர்:
எக்ஸாஸ்ட் எல்போதான். புகையும் கடல் தண்ணியும் கலக்குற இடம், கரியும் உப்பும் சேர்ந்து அடைச்சிருக்கும். கழட்டுங்க, விரல் நுழையலன்னா அதுதான்.

நாகை_டிரைவர்:
எல்போன்னா கருப்பாப் புகைஞ்சு ஆர்பிஎம் ஏறவே ஏறாதே. பத்து நிமிஷம் விட்டா அடைப்பு தானா திறந்துக்குமா? இது டீசல் வரத்து. டேங்குக்குள்ள உறிஞ்சுற குழாய் வாயில சகதி ஒட்டுது. என்ஜின் நின்னா இழுப்பு போயி அது கீழ விழுந்துடும், மறுபடி ஓடும்.

சிங்கை_வெல்டர்:
நான் பாத்த போட் எல்லாத்துலயும் எல்போதான்.

உப்புக்காத்து:
டேங்க் மூடியைத் திறந்து வச்சு ஓட்டிப் பாருங்க. நிக்கலன்னா டேங்கோட காத்துக்குழாய் அடைப்பு. குளவி மண்கூடு கட்டி நானே பாத்திருக்கேன்.

கோலாகடல்:
திறந்து ஓட்டியும் நிக்குது. இப்ப டீசல் குழாய்ல சிக்கின ஏர் எடுக்கப் போயி ஸ்டார்ட்டே ஆகல. டீசல் கைப்பம்ப் லீவர் தொளதொளன்னு ஆடுது, டீசலே வரல. ஏணியைக் கழட்டி, படுக்கைக்கு அடியில தலைகீழாத் தொங்கி, ஏர் ஸ்க்ரூவைக் கண்ணால பாக்க முடியாம விரலால தடவித் திறந்தேன். 10 ஸ்பானர் அடியில விழுந்துடுச்சு.

தலைமைப்பொறி:
பம்ப் கெடவில்லை. அதைத் தள்ளுகிற கேம் மேட்டில் நிற்கிறது, அதனால் லீவருக்கு அசைவு இல்லை. சிலிண்டர் அமுக்கத்தை விடுவிக்கும் டிகம்ப்ரஷன் லீவர்களைத் தூக்கிவிட்டு என்ஜினைக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள், பிடிக்கும்.
அதைவிட முக்கியம்: ஸ்டார்ட் ஆகும்வரை கடல் தண்ணீர் வால்வை மூடி வையுங்கள். செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் கடல் தண்ணீர் பம்ப் தண்ணீரை அனுப்பும், வெளியே தள்ளப் புகை இருக்காது. சைலன்சர் நிரம்பி சிலிண்டருக்குள் திரும்பினால் என்ஜினையே பிரிக்க வேண்டியதுதான். ஓடியதும் உடனே திறக்கவும், இல்லையேல் அந்தப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் காலி.

உப்புக்காத்து:
மலேசியாவில டீசல்ல பாமாயில் கலக்குறாங்களே. சகதிக்கு அதான் காரணம்.

தலைமைப்பொறி:
பாமாயிலை அப்படியே ஊற்றுவதில்லை, அதிலிருந்து எடுத்த மீத்தைல் எஸ்டரைக் கலக்கிறார்கள். ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் சகதி என்பது தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் வளரும் பூஞ்சையும் பாக்டீரியாவும். அரை டேங்கோடு மாதக்கணக்கில் போட்டு வைத்தால் எந்த டீசலிலும் வரும்.

நாகை_டிரைவர்:
மீன்பிடித் தடைக்காலத்துல எங்க விசைப்படகு 61 நாள் சும்மாதான் கிடக்கு. டேங்க் அடியில தண்ணியை வடிச்சுட்டுத்தான் லேலண்ட் என்ஜினைக் கிளப்புவோம். சகதி கண்டதில்ல.

தலைமைப்பொறி:
லாரி என்ஜினைப் படகில் வைத்திருப்பவர்களோடு மரைன் என்ஜின் பற்றிப் பேச எனக்கு நேரமில்லை.

நாகை_டிரைவர்:
கடல் தண்ணியில ஓடுற கூலர், மரைன் கியர்பாக்ஸ் எல்லாம் போட்டுத்தான் வருது சார். நடுக்கடல்ல நின்னா நீங்க ஒட்டி வச்ச பதிவு வந்து இழுக்காது.
தம்பி, இதை விடு. ஒரு கேன்ல புது டீசல் எடு, ஓஸ் போட்டு நேரா டீசல் பம்புக்குக் குடு. போட்டைக் கட்டினபடியே கியர் போட்டு 2500ல ஓட்டு. நிக்கலன்னா கோளாறு டேங்க் பக்கம்.

சிங்கை_வெல்டர்:
கயிறு நல்லாக் கட்டிக்கோங்க.

உப்புக்காத்து:
என்ன ஆச்சுங்க?

கோலாகடல்:
கேன்ல நிக்காம ஓடுச்சு. டேங்க் குழாயை உருவினா நுனி வலை பூரா கருப்பு வழுவழுப்பு. வலையை வெட்டிட்டேன். தண்ணி பிரிக்கிற ஃபில்டர் இந்த போட்ல வைக்கவே இல்ல. கிளம்புறேன், நன்றி.

நாகை_டிரைவர்:
இரு தம்பி. வலை இல்லன்னா மிச்ச சகதி நேரா என்ஜின் ஃபில்டருக்கு வரும், அலையடிச்சா இன்னும் கலங்கும். டேங்கைக் கழுவினியா? கையில ஸ்பேர் ஃபில்டர் எத்தனை இருக்கு?

தலைமைப்பொறி:
இது ஒன்றில் அவர் சொல்வது சரி.

நாகை_டிரைவர்:
தம்பி?

சிங்கை_வெல்டர்:
எல்போ பாத்தாரா இல்லையா?