‘ட்ரை’ ஒயினுக்குத் தமிழில் என்ன? ‘உலர்’ வேண்டாம், ‘ஒடுங்கினிப்பு’ ஆகுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அமெரிக்காவின் ஃபிங்கர் லேக்ஸ் ஏரிப்பகுதியில், ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சையில் செய்யும் ஒயின்களுக்கான சுவைமதிப்புப் படிவத்தில் மற்றச் சொற்கள் ஒருவழியாகப் படிந்துவிட்டன. இனிப்பு மேலெழாத ஒயினைக் குறிக்கும் ‘ட்ரை’ (dry) மட்டும் முரண்டு பிடிக்கிறது. நேற்று வந்த முன்மொழிவுகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

> ‘உலர் ஒயின்’ என்றே வைத்துவிடலாம். நேர்ப்பொருள்தானே, யாருக்கும் புரியும்.

புரியும்; ஆனால் வேறொன்றாகப் புரியும். உலர்திராட்சை நமக்குப் பழகிய சொல். திராட்சையை உலர்த்திப் பிழிந்து செய்யும் ஒயின்கள் தனி வகையாகவே இருக்கின்றன. இத்தாலியின் வின் சாண்டோ அதில் ஒன்று. பெரும்பாலும் நல்ல இனிப்பு. ‘உலர் ஒயின்’ என்று படித்தவர் அதை நினைத்துக்கொண்டால், நாம் சொல்ல வந்ததற்கு நேர் எதிராகப் போய்விடும்.

> அப்படியானால் ‘துவர் ஒயின்’. குடித்ததும் வாய் காய்ந்துபோகிறதே.

வாயைக் காயவைப்பது டானின் என்ற துவர்ப்புப் பொருள். திராட்சைத் தோலும் விதையும் சாற்றோடு ஊறும் சிவப்பு ஒயினில் அது இறங்குகிறது. ரீஸ்லிங்கைப் பொதுவாகப் பிழிந்த சாறாகவே நொதிக்கவைக்கிறார்கள். அதில் துவர்ப்புக்கு வேலை குறைவு. அறுசுவையில் துவர்ப்புக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை இங்கே தாரைவார்த்துவிட்டால், அதே ஏரிக்கரைகளில் விளையும் கேபர்னே ஃபிராங்க் என்ற சிவப்பு ஒயினைச் சுவைக்கும்போது எதைச் சொல்வோம்?

> ‘இனிப்பற்ற’. எளிமையானது. இதில் என்ன குறை?

உண்மை இல்லை என்பதுதான் குறை. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தில் பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன நீண்ட ஏரிகள்தாம் ஃபிங்கர் லேக்ஸ். செனிகா ஏரியின் ஆழம் ஏறத்தாழ 188 மீட்டர். அவ்வளவு தண்ணீரும் கோடையில் வாங்கிய வெப்பத்தைக் குளிர்காலத்தில் மெல்ல விடுவதால் கரைச்சரிவில் நிற்கும் கொடிகள் பிழைக்கின்றன. ஐரோப்பியத் திராட்சைக் கொடி அந்தக் குளிரைத் தாங்காது என்றே பலரும் சொல்லிவந்தார்கள். உக்ரைனிலிருந்து வந்த கான்ஸ்டன்டின் ஃபிராங்க் அதை ஏற்காமல், 1962இல் கியூகா ஏரிக்கு மேலே தன் ஒயினகத்தைத் தொடங்கினார். கொடி பிழைத்தாலும் பழம் குளிர்ச்சியில்தான் கனிகிறது. குளிரில் பழத்துக்குள் இருக்கும் மாலிக் அமிலம் அதிகம் செலவாவதில்லை. அதனால் லிட்டருக்கு 8 கிராம் அமிலம் என்று பரிசோதனைக் குறிப்பில் பார்த்தால் அங்கே யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

அவ்வளவு புளிப்பை வெறுமனே விட்டால் பல் கூசும். எனவே ஈஸ்ட் எல்லாச் சர்க்கரையையும் தின்று முடிப்பதற்குள் நொதித்தலை நிறுத்தி, லிட்டருக்கு 6, 7 கிராம் மிச்சம் வைப்பதுண்டு. அப்படிப்பட்ட ஒன்றை ஒரு மிடறு வாயில் வைத்துப் பாருங்கள். முதலில் எலுமிச்சைத் தோலின் வாசம். அடுத்த நொடி கீழ்த்தாடையின் இரண்டு ஓரங்களிலும் எச்சில் சுரக்கிறது. விழுங்கிய பிறகும் பச்சை ஆப்பிளின் புளிப்பு நாக்கின் நடுவில் நிற்கிறது. சர்க்கரை எங்கே? அது தன்னைக் காட்டிக்கொள்ளாமல் புளிப்பின் கூர்மையை மட்டும் மழுக்கியிருக்கிறது. அதே 7 கிராமை அமிலம் 5 கிராமே உள்ள ஒயினில் போட்டால் இனிப்பு பளிச்சென்று முன்னால் வந்து நிற்கும்.

படிவத்தில் ‘இனிப்பற்ற’ என்று அச்சடித்தால் என்ன ஆகும்? பயின்ற நாக்கு அந்த மிச்சச் சர்க்கரையை மோப்பம் பிடித்துவிடும். ‘வகைக்குப் பொருந்தாத இனிப்பு’ என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைக்கும். 20 மதிப்பெண் முறையில் ஒன்று குறைந்தாலே ஒயின் வரிசையில் கீழே போய்விடும். தயாரித்தவர் செய்த நல்ல காரியத்துக்கு நம் சொல் தண்டனை வாங்கிக் கொடுக்கிறது. இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்டர்நேஷனல் ரீஸ்லிங் ஃபவுண்டேஷன் வகுத்த அளவுகோலும் சர்க்கரையைத் தனியாக எடைபோடுவதில்லை; சர்க்கரைக்கும் அமிலத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறது. விகிதம் 1க்கு மேற்படாவிட்டால் ‘ட்ரை’. 1 முதல் 2 வரை அடுத்த படி, 4 வரை அதற்கடுத்தது, அதற்கு மேல் இனிப்பு. புளிப்பு குறையக் குறைய ஏறும் பி.எச். அளவு 3.3ஐத் தொட்டால் ‘ட்ரை’ ஒயின் ஒரு படி இனிப்புப் பக்கம் நகரும். ஆக, நமக்கு வேண்டிய சொல் ‘சர்க்கரை இல்லை’ என்று சொல்லக் கூடாது, ‘சர்க்கரை அடங்கிக் கிடக்கிறது’ என்று சொல்ல வேண்டும்.

முதலில் ‘இனிப்படங்கிய’ என்று எழுதிப் பார்த்தேன். ‘வைட்டமின்கள் அடங்கிய’ என்று விளம்பரம் படித்துப் பழகியவர்கள், இனிப்பு உள்ளே இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே என் முன்மொழிவு: ஒடுங்கினிப்பு. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. இதே வார்ப்பில் நான்கு படிகளும் கிடைக்கின்றன: ஒடுங்கினிப்பு, இழையினிப்பு, விரியினிப்பு, நிறையினிப்பு. இரண்டாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. புளிப்போடு இழைந்து வரும் அந்தச் சிறு இனிப்பை வேறெப்படிச் சொல்வது?

அன்புடன்.

மறுமொழி

அன்புள்ள ஐயா,

வார்ப்பு அழகு. ஆனால் இரண்டு தடைகள். ‘ஒடுங்கினிப்பு’ என்று வேகமாகச் சொன்னால் ‘ஒடுங்கின’ என்ற வினைதான் காதில் விழுகிறது; சுவைப்பவர் அருகில் இருப்பவரிடம் சொல்லிக் குறிக்கச் சொல்லும்போது இது தொல்லை. இரண்டாவது, ஈஸ்ட் முழுவதும் தின்றுவிட்டு லிட்டருக்கு ஒரு கிராம்கூட விட்டுவைக்காத ஒயினும் அங்கே உண்டு. அதில் ஒடுங்குவதற்கு இனிப்பே இல்லையே? நுரைக்கும் ஒயின்களுக்கு வந்தால் இன்னும் சிக்கல். ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்பதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் சர்க்கரை இருக்கும். ‘புரூட்’ என்ற நுரை ஒயின் வகையைவிட அதுதான் இனிப்பு. அதை ‘மிகை ஒடுங்கினிப்பு’ என்பீர்களா?

பதில்

அம்மா, நுரைக்கும் ஒயினைத் தொட வேண்டாம். அங்கே மூலச் சொல்லே தடம் புரண்டிருக்கிறது. ‘புரூட்’, ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ இரண்டும் லேபிளில் உள்ளபடியே தமிழ் எழுத்தில் இருக்கட்டும்.

சர்க்கரையே எஞ்சாத ஒயின்களுக்கு ‘இனிப்பிலி’ என்று ஒரு துணைக்கட்டம் சேர்க்கலாம். விகிதம் 1க்குள் இருப்பதால் அவை முதல் படியிலேயே உட்காரும், மதிப்பெண் மாறாது. உச்சரிப்புத் தடை நியாயமானது. படிவத்தில் ‘ஒடுங்கு இனிப்பு’ என்று பிரித்து அச்சிட்டு, அடுத்த சுவைப்பு அமர்வில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். நாக்கில் நிற்காவிட்டால் ‘ஒடுங்கு’ என்பதை மட்டும் மாற்றுவோம். மற்ற மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் அமர்வுக்கு முன்பே எழுதுங்கள். படிவம் அச்சுக்குப் போக வேண்டும்.