பிரெஞ்சு ஓவியர் பால் கோகன் வரைந்த தீவுப் பெண்கள் நிஜமாகவே அப்படித்தான் இருந்தார்களா?

பாம்பன் தூரிகை:
நான் வள்ளங்களுக்குப் பேர் எழுதுகிறவன். மாதா, புறா, சுறா என்று கேட்டதைப் போட்டுக் கொடுப்பேன். இப்போது மண்டபம் பக்கம் ஒரு விடுதியில் சாப்பாட்டுக் கூடத்துச் சுவர் கிடைத்திருக்கிறது, பன்னிரண்டு அடி அகலம். முதலாளி போனில் கோகன் பசிபிக் கடல் தீவான தாஹித்தியில் வரைந்த பெண்கள் படத்தைக் காட்டி, "இதே மாதிரி, ஆனா நம்ம கடற்கரைப் பொண்ணுங்க" என்கிறார். காதோரம் பூ, தோளில் துணி கிடையாது, கையில் தட்டு நிறையப் பழம்.

வீட்டில் காட்டினேன். அவள் பதினைந்து வருடமாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கப் போகிறவள். சேலைக்கு மேலே என் பழைய முழுக்கைச் சட்டை, முகத்தில் நீச்சல் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலுக்கு விரல் துணிச்சுற்று. "இப்படி உக்காந்திருந்தா உலை எப்பக் கொதிக்கும்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அதிலிருந்துதான் இந்தச் சந்தேகம்.

தொண்டி ஓவிய வாத்தியார்:
இல்லை தம்பி. கோகன் 1891இல் போய் இறங்கியபோது தாஹித்தி பிரெஞ்சுக் காலனியாகிப் பதினோரு வருடம். இங்கிலாந்துப் பாதிரிமார் 1797லேயே வந்தாயிற்று. பெண்களுக்குக் கழுத்து மூடிய நீள அங்கி பழகிவிட்டது. அவர் தேடிப் போன ஆதி உலகம் அங்கே இல்லை, அதனால் பாதியை அவரே கட்டினார். ஜாவாவின் போரோபுதூர் பௌத்தக் கோயில் சிற்பங்களின் போட்டோ கையில் இருந்தது. அந்தச் சிலைகளின் சாயலைத் தாஹித்திக்காரர்களுக்குக் கொடுத்தார்.

ஆனால் 1891இல் வரைந்த 'தாஹித்திப் பெண்கள்' படத்தைப் பாருங்கள். மணலில் இருவர். ஒருத்தி இடுப்பில் பூப்போட்ட பரேயோ, அதாவது அந்த ஊர்ச் சுற்றுத்துணி, மற்றவள் ரோஸ் நிறப் பாதிரி அங்கி. அது கண்ணால் கண்டது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவர் கூட வைத்துக்கொண்ட தெஹாமனாவுக்குப் பதின்மூன்று வயது போல. 1893இல் அவளை வரைந்த படத்தில் கோடு போட்ட அங்கி கழுத்து வரை மூடியிருக்கிறது. வண்ணத்தில் அவர் பெரிய ஆள்தான், அதற்காக இதை விழுங்க முடியாது.

கீழக்கரைக்காரன்:
அண்ணே, கண்ணாடி என்றதும் எனக்குப் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் ஞாபகம். 1930இல் தாஹித்திக்குப் போனவர், துவாமொத்து பவளத்தீவுகளில் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கி முங்கிப் பார்த்தார். அங்கே இருந்தபோது வரைந்தது சொற்பம். 1946இல்தான் வெள்ளைத் தாளில் பறவை, மீன், பாசி என்று கத்தரித்து நீலத்தின் மேல் ஒட்டினார். ஒன்று அந்தத் தீவுப் பகுதியான பொலினேசியாவின் வானம், ஒன்று கடல். இரண்டிலும் ஒரு பெண் கூடக் கிடையாது.

பாம்பன் தூரிகை:
வாத்தியாரய்யா, தம்பி, ரெண்டு பேருக்கும் நன்றி. கண்ணாடி போட்ட பெண்ணைப் பென்சிலில் வரைந்து கொண்டுபோனேன். "முகமே தெரியலையே" என்றார் முதலாளி. சரி என்று கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டேன். சட்டையை மட்டும் கழற்ற மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அட்வான்ஸ் இன்னும் வரவில்லை. வீட்டில் காட்டினால், இடுப்பில் பாசிப் பையைக் கட்ட மறந்துவிட்டேனாம்.