கலைப்பொருள் மதிப்பீடா, கலை நிர்வாகமா: எந்தப் பயிற்சியில் சேருவது?

புதுத்தூரிகை கேட்டது:
கலை வரலாற்றில் முதுகலை முடித்தவர் மதிப்பீட்டாளர் ஆவதற்கும் அருங்காட்சியக நிர்வாகத்துக்குப் போவதற்கும் தனித்தனியாகப் படிக்க வேண்டுமா? இரண்டையும் சேர்த்துக் கற்பிக்கும் ஓராண்டுப் படிப்புகளும் இருக்கின்றன. சான்றிதழ் வந்தவுடன் மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்துப் போடலாமா? பாடத்திட்டத்தில் எதைப் பார்த்துச் சேருவது?

மரச்சட்டம்:
கையெழுத்துப் போடுவதை யாரும் தடுக்கப்போவதில்லை. அந்த அறிக்கை செல்லுமா என்பதுதான் கேள்வி. அமெரிக்காவில் கலைப்பொருள் மதிப்பீட்டுக்கு அரசு உரிமம் கிடையாது. அதனால் ‘யுஸ்பாப்’ (USPAP) என்ற, அங்குள்ள மதிப்பீட்டாளர்களுக்கான பொது நெறிமுறையில் தேறியவரா என்று பார்க்கிறார்கள். அதன் அடிப்படை வகுப்பு 15 மணி நேரம், முடிவில் தேர்வு. அதன்பிறகு அவ்வப்போது 7 மணி நேரப் புதுப்பிப்பு வகுப்பு. அங்கே வரிச்சலுகைக்காகத் தானம் தரும் பொருளை மதிப்பிடுபவருக்கு அங்கீகரிக்கப்பட்ட தொழில் பட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாடத் தேர்ச்சியோடு, அந்த வகைப் பொருளை மதிப்பிட்ட அனுபவம் 2 ஆண்டாவது வேண்டும். ‘அந்த வகை’ என்பதைக் கவனியுங்கள். எண்ணெய் ஓவியம் அறிந்தவர் அச்சோவியத்துக்கு விலை சொன்னால் எடுபடாது.

சேருமுன் ஒன்றைக் கேளுங்கள்: மாணவர்கள் முழு அறிக்கை எழுதி, அதை ஒருவர் வரிவரியாகத் திருத்தித் தருகிறாரா? இல்லையென்றால் அது கலை ரசனை வகுப்புதான்.

அறிக்கையின் தொடக்கத்திலேயே நோக்கம், மதிப்பின் வகை, எந்தத் தேதிக்கான மதிப்பு என்ற மூன்றும் வந்துவிட வேண்டும். காப்பீட்டுக்கு மாற்று மதிப்பு: அதேபோன்ற ஒன்றைச் சில்லறைச் சந்தையில் திரும்ப வாங்க ஆகும் தொகை. வாரிசுரிமைக்கும் தானத்துக்கும் நியாயச் சந்தை மதிப்பு: கட்டாயம் ஏதுமில்லாமல் வாங்குபவரும் விற்பவரும் ஒப்புக்கொள்ளும் விலை. ஒரே ஓவியத்துக்கு இவை இரண்டும் வெகுவாக வேறுபடலாம், இரண்டுமே சரியாகவும் இருக்கலாம். புதியவர்கள் சறுக்குவது ஏல விலைகளை ஒப்பிடும்போது. சுத்தியல் விலை, அதாவது ஏலம் முடிந்த கேள்வித் தொகை 1,00,000, அதன்மேல் ஏல நிறுவனம் வாங்கும் வாங்குபவர் கட்டணம் 25 விழுக்காடு என்றால் வெளியாகும் தொகை 1,25,000. ஒன்றில் கட்டணம் சேர்த்தும் இன்னொன்றில் சேர்க்காமலும் எடுத்தால் கணக்கே கோணலாகும். விலைபோகாமல் திரும்பிய ஓவியங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். சந்தை எங்கே நின்றுவிட்டது என்பதை அவைதான் காட்டும்.

மதிப்பீட்டாளர் கூலி வாங்குவது வேலை செய்த நேரத்துக்குத்தான். மதிப்பில் இத்தனை விழுக்காடு என்று வாங்கினால் அந்த அறிக்கையை யாரும் நம்ப மாட்டார்கள்.

பின்பக்கம்:
பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் பயிற்சிக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். படிப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. சட்டத்தைக் கழற்றி, உயரத்தை முதலிலும் அகலத்தைப் பிறகும் அளக்க வேண்டும். பக்கவாட்டு ஒளியில் விரிசலும் மேடுபள்ளமும் தெரியும். புறஊதா விளக்கில் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பச்சையாக ஒளிரும், அதன்மேல் பிற்பாடு தீட்டிய இடம் கறுப்பாகத் தெரியும். ஆனால் கறுப்புத் திட்டு பழுதுபார்த்ததற்கு அடையாளம், போலிக்குச் சாட்சி அல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய.

பிறகு ஓவியத்தைத் திருப்பி, பின்னால் உள்ள முத்திரை, ஒட்டுச்சீட்டு, ஆணித்துளை எல்லாவற்றையும் படமெடுங்கள். ஒட்டுச்சீட்டு இருப்பதாலேயே உடைமை வரலாறு உறுதியாகிவிடாது. ஜெர்மானியப் போலி ஓவியர் பெல்ட்ராக்கி வரைந்தவற்றின் பின்னால், ஃப்ளெக்ட்ஹைம் என்ற பழைய கலை வணிகரின் சேகரிப்பின் பெயரில் பொய்ச் சீட்டு ஒட்டியிருந்தது. ஜெர்மானிய ஓவியர் கம்பெண்டோங்கின் 1914ஆம் ஆண்டுப் படைப்பு என்று 2006இல் ஏலம் போன அவரது போலி ஒன்றில், அந்தக் காலத்தில் புழக்கத்துக்கு வராத டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி இருந்தது சோதனையில் தெரிந்தது. சீட்டை மட்டும் நம்பியிருந்தால் அது இன்றும் அசல்தான். ஐரோப்பிய ஓவியமென்றால், நாஜிகள் பறித்ததா என்று அறிய, 1933 முதல் 1945 வரை யார் கையில் இருந்தது என்று தனியாகத் தேட வேண்டும். தொல்பொருளுக்கு, கள்ளக்கடத்தலைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கைக்கு முந்தைய ஆவணத்தைக் கேட்பார்கள்.

கிடங்குச்சாவி:
நிர்வாகம் வேறு தொழில். ஐகாம் (ICOM) என்ற பன்னாட்டு அருங்காட்சியக அமைப்பின் நெறிமுறைப்படி அருங்காட்சியகம் தன் சேகரிப்பைக் காப்பீட்டுக்காக மதிப்பிடலாம். மற்றவர் பொருளுக்கு விலை சொல்வதென்றால் பிற அருங்காட்சியகமோ, உரிய சட்ட, அரசு அமைப்போ முறைப்படி கேட்டிருக்க வேண்டும். ஆகவே பகலில் அங்கே வேலை, மாலையில் தனியாக மதிப்பீடு என்று திட்டமிடாதீர்கள்.

இந்தப் பக்கம் வருவதென்றால் பாடத்திட்டத்தில் வரவுசெலவு, ஒப்பந்தம், பதிப்புரிமை, ஓவியங்களைப் பிற இடங்களுக்குக் காட்சிக்காக இரவல் கொடுக்கும் நடைமுறை இருக்கிறதா என்று பாருங்கள். பயிற்சிக்கு, சேகரிப்பின் பதிவேடுகளையும் போக்குவரத்தையும் பார்க்கும் பதிவாளர் பிரிவைக் கேட்டு வாங்குங்கள். இரவல் போகும் ஓவியம் கிளம்பும்போதும், போய்ச் சேரும்போதும், திரும்பும்போதும் நிலை அறிக்கை எழுத வேண்டும். ஒன்று விடுபட்டாலும் கீறல் எங்கே விழுந்தது என்று நிறுவ முடியாது. காப்பீடு இங்கே ஆணியிலிருந்து இறக்கியது முதல் இதே ஆணியில் திரும்ப மாட்டும்வரை ஓட வேண்டும். காகிதத்தில் வரைந்தவற்றுக்கு ஒளி 50 லக்ஸ் (வெளிச்சத்தின் அலகு) அளவில் இருக்கட்டும். மங்கல் சேர்ந்துகொண்டே போகும், திரும்பாது.

புதுத்தூரிகை:
மிக்க நன்றி. மதிப்பீட்டுப் பக்கம்தான் மனம் போகிறது. வகுப்பு தொடங்கும்வரை என்ன செய்யலாம்?

மரச்சட்டம்:
அச்சோவியம் போல ஒரு வகையை மட்டும் எடுங்கள். படி எண் (அச்சிட்ட பிரதிகளில் இது எத்தனையாவது என்பது), கையொப்பம், ஓரம் வெட்டப்பட்டதா, தாள் பழுத்ததா என்று பார்த்து, ஒரே அச்சோவியத்தின் பத்து ஏலப் பதிவுகளை அட்டவணையாக்குங்கள். விலை ஏன் ஏறி இறங்கியது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். காரணம் எழுத வராத வரியை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்க்கலாம்.