வெளிநாட்டுக் காசில் பள்ளிக்கூடம்: வாங்கலாமா, கூடாதா?

கோத்தகிரிக்காரன்:
குன்னூர் வாத்தியார் சார் நேற்று எழுதியது: "வெளிநாட்டு அரசுகளின் கல்வி உதவி எல்லாம் தூண்டில் புழு. நம் பிள்ளைகளை நம் வரிப்பணத்தில்தான் படிக்க வைக்க வேண்டும்." என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை சார்.

அப்பா, இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையின் ஹட்டன் பக்கமிருந்து இங்கே நீலகிரிக்கு வந்து அரசுத் தேயிலைக் கழகமான டேன்டீயில் சேர்ந்தவர். பெரியப்பா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்போது இருந்தது ஒரே அறை, ஒரே வாத்தியார். 1970களில் இலங்கை அரசு அந்தத் தோட்டப் பள்ளிகளை எடுத்துக்கொண்ட பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. 80களில் சுவீடன் அரசின் உதவி நிறுவனமான சிடாவின் பணம் வந்த பிறகுதான் கட்டடம் எழும்பியது, தோட்டத்து இளைஞர்களுக்கே ஆசிரியர் பயிற்சி கிடைத்தது. ஹட்டன் பக்கத்துப் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜெர்மனி உதவியோடு வந்தது. பெரியப்பா மகள் அங்கே படித்துத்தான் டீச்சரானாள். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன பெரியம்மாவின் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் பழக்கியதும் அவள்தான். அதுவரை சம்பளத்துக்குப் பெரியம்மா வைத்தது பெருவிரல் ரேகை. இதில் தூண்டில் எங்கே இருக்கிறது?

குன்னூர் வாத்தியார்:
தம்பி, உன் அக்கா டீச்சரானது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மக்கள் பறித்த தேயிலைதான் நூறு வருஷத்துக்கு மேல் இலங்கைக்கு அந்நியச் செலாவணி சம்பாதித்துக் கொடுத்தது. அவர்களுக்குப் பள்ளிக்கூடம் கட்டும் கடமை கொழும்புக்குத்தானே, ஸ்டாக்ஹோமுக்கா? வெளிக்காசு வந்தால் அரசு கை கழுவிவிடும்.

உதவி என்று பெயர் வைத்தாலும் பல சமயம் அது கடன். இந்தியாவில் 1994ல் வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்துக்கு உலக வங்கி தந்ததும் கடன்தான். அப்புறம், நான் பிள்ளையாக இருந்தபோது மதிய உணவுக் கோதுமை மூட்டையில் இரண்டு கை குலுக்கும் அமெரிக்கச் சின்னம் இருக்கும். அதே சின்னத்தை வைத்திருந்த அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யுஎஸ்எய்டு 2025 ஜூலை 1ல் மூடப்பட்டது. அதை நம்பியிருந்த எத்தனையோ பள்ளித் திட்டங்கள் ஆப்பிரிக்காவில் பாதியில் நின்றன. அந்தப் பிள்ளைகள் யாரிடம் போய்க் கேட்பார்கள்?

கேத்திப் பொண்ணு:
சார், 1846ல் எங்கள் நீலகிரிக் கேத்திக்கு சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பான பாசல் மிஷன் வந்தது. மதம் பரப்பத்தான் வந்தார்கள், படகர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்தார்கள். எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள், மதத்தைத் தொடவில்லை. வாங்குகிறவனுக்கும் புத்தி உண்டு. 1959ல் மேற்கு ஜெர்மனி உதவியோடு தொடங்கிய சென்னை ஐஐடி 2023ல் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில் உள்ள சான்சிபாரில் போய் வளாகம் திறந்திருக்கிறது.

குன்னூர் வாத்தியார்:
ஐஐடிக்கு நிலமும் சம்பளமும் நாம் கொடுத்தோம் அம்மா. அதனால்தான் ஜெர்மன்காரர்கள் போன பிறகும் அது நின்றது. நான் சொல்வதும் அதுதான்.

கோத்தகிரிக்காரன்:
அக்காவுக்குச் சம்பளம் தருவதும் இலங்கை அரசுதான் சார். 2022 நெருக்கடியில் காகிதம் இல்லாமல் கொழும்பு இருக்கும் மேல் மாகாணத்தில் பரீட்சையையே தள்ளி வைத்தார்கள். அக்கா பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தாள். அன்றைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு லாரி காகிதம் வந்திருந்தால் திருப்பி அனுப்பச் சொல்வீர்களா?

குன்னூர் வாத்தியார்:
மாட்டேன். இறக்கி வைக்கச் சொல்வேன். ஆனால் அந்தக் காகிதத்தில் என்ன பாடம் அச்சாக வேண்டும் என்பதை உன் அக்கா மாதிரி டீச்சர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதை எழுதிக் கொடுத்தால் நானே லாரியைத் தள்ள வருகிறேன்.