கடைசி மாடி வீடும் கோடைக்கால மின்கணக்கும்

*கார்த்திகா:* பெரியப்பா, சென்னை மேடவாக்கத்தில் ஒரு பழைய அடுக்ககத்தில் இரண்டு வீடுகள் விலைக்கு வந்திருக்கின்றன. ஒன்று மூன்றாவது மாடி, அதுவே கடைசி மாடி; படுக்கையறை மேற்குப் பக்கம். மற்றொன்று முதல் மாடி, நான்கு லட்சம் கூடுதல். கடைசி மாடியில் கரண்ட் செலவு எவ்வளவு ஏறும் என்பதை வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

*பெரியப்பா:* விற்பவரிடம் மின் இணைப்பு எண்ணையும் கடந்த இரண்டு ஆண்டு ரசீதுகளையும் கேளம்மா. கட்டணம் அடிக்கடி மாறுவதால் ரூபாயைப் பார்க்காதே, யூனிட்டைப் பார். டிசம்பர், ஜனவரி கணக்கையும் ஏப்ரல், மே கணக்கையும் அருகருகே வைத்தால், இடையில் தெரியும் வித்தியாசம்தான் பெரும்பாலும் அந்த வீடு வெயிலுக்குக் கட்டும் தண்டம். எத்தனை பேர் இருந்தார்கள், எத்தனை ஏசி ஓடியது, பகலில் வீடு பூட்டிக் கிடந்ததா என்பதையும் விசாரிக்காவிட்டால் அந்த எண்ணை நம்ப முடியாது.

*அரவிந்த்:* அக்கா, ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர் உள்ளதா என்றும் பாருங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளின் விலையே ஏறத்தாழ இரு மடங்காகிவிடும் என்பதால் சிலர் இணைப்பைப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு மீட்டரின் ரசீதை மட்டும் காட்டினால் வீடு சிக்கனமானதாகத் தெரியும்.

*மீனா சித்தி:* புரோக்கர் காலை பத்து மணிக்குத்தான் கூட்டிப்போவார். நீ மாலை ஐந்து மணிக்குப் போய் மேற்குச் சுவரின் உட்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார். இரவு எட்டரைக்கு மறுபடியும் போய், ஃபேனைப் போட்டு அதன் கீழே நின்று பார்.

*கார்த்திகா:* வெயில் இறங்கிய பிறகு எதற்குச் சித்தி?

*பெரியப்பா:* சித்தி சொல்வது சரி. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில்தான் வீட்டுக்குள் விடுகிறது. சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகவே இங்கே முதல் அடி மொட்டை மாடிக்கு, அடுத்தது மேற்குச் சுவருக்கு. மாலை வெயில் சாய்வாக வருவதால் சன்ஷேடும் அதைத் தடுக்காது. பழைய கட்டடம் என்பதால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவராக இருக்கலாம். அப்படியானால் இப்போது அலுமினிய அச்சில் வார்க்கும் மைவான் கான்கிரீட் சுவரைவிட மேல்தான். மொட்டை மாடித் தரையில் பதித்த தட்டோட்டைத் தட்டிப் பார். பொத்தென்று ஒலித்தால் அடியில் பிடிப்பு விட்டிருக்கிறது, வெப்பத்தோடு மழைநீரும் இறங்கும்.

ஜன்னலையும் அளந்துவிடு. மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற, வீடுகளுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பின்படி, நம் ஊர் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிக்க இடங்களில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஸ்லைடிங் ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதால் பாதியையே கணக்கில் எடு. ஏசியின் ஸ்டார் லேபிளைக் காட்டி விலை பேசினால் மயங்காதே; ஏசியை நாளைக்கே மாற்றலாம், திசையை மாற்ற முடியாது.

*கார்த்திகா:* மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்துவிட்டால் போதாதா?

*அரவிந்த்:* வெப்பம் நன்றாகவே குறையும், ஆனால் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. சோலார் போட்டால் 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் மானியம் 78,000 ரூபாய் உண்டு. அதற்கும் வீட்டு உரிமையாளர் சங்கத்தின் சம்மதம் வேண்டும். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

*மீனா சித்தி:* இவ்வளவு தொல்லைக்கு முதல் மாடியையே வாங்கிவிடலாமே?

*பெரியப்பா:* கரண்டை மட்டும் காரணமாக வைத்தால் கணக்கு இடிக்கிறது. கோடையில் மொத்தம் 900 யூனிட் கூடுகிறது, யூனிட் பத்து ரூபாய் என்றே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 9,000 ரூபாய்தான். நான்கு லட்சம் திரும்ப நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். ஏசி இல்லாத கூடத்தில் பகலெல்லாம் இருக்கப்போகும் உன் மாமியாருக்குப் புழுக்கம் தாங்குமா என்பது வேறு கேள்வி, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், கோடை ரசீதையும் தட்டோட்டின் நிலையையும் காட்டிக் கடைசி மாடியின் விலையை இன்னும் குறைக்கச் சொல்வேன். சங்கம் பெயின்டுக்குச் சம்மதிக்காவிட்டால் விட்டுவிடுவேன்.

*கார்த்திகா:* சரி பெரியப்பா. இன்றே இணைப்பு எண்ணைக் கேட்கிறேன், சங்கச் செயலாளரிடமும் பேசிவிடுகிறேன். சனிக்கிழமை மாலை சாவி கிடைக்கும். நீங்களும் வர முடியுமா?

*பெரியப்பா:* வருகிறேன். மாடிக் கதவின் சாவியையும் சேர்த்து வாங்கி வை.