குழந்தையின் ரத்த வகை தெரிந்தால்தான் அம்மாவுக்கு ஊசி: நெகட்டிவ் அம்மாக்களின் அனுபவங்கள்

நான் ஓ நெகட்டிவ், கணவர் பாசிட்டிவ். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டதால் இன்டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் எடுத்து, என் ரத்தத்தில் எதிர்ப்பொருள் எதுவும் இல்லை என்று பார்த்துவிட்டு 28ஆவது வாரத்தில் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்கு. சிக்கல் பிரசவத்துக்குப் பிறகுதான். தொப்புள்கொடி ரத்தம் லேபுக்குப் போனது எனக்குத் தெரியும், ஆனால் ரிசல்ட் என்ன என்று கேட்டால் ஷிஃப்ட் மாறி வந்த ஒவ்வொருவரும் "வந்துடும்மா" என்பதோடு சரி. டிஸ்சார்ஜ் பேப்பரே கைக்கு வந்துவிட்டது. அதில் குழந்தையின் எடை இருக்கிறது, தடுப்பூசி விவரம் இருக்கிறது, ரத்த வகை போட வேண்டிய இடம் மட்டும் காலி. அது தெரியாமல் கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன், அப்புறம்தான் யாரோ லேபுக்கு ஓடினார்கள். குழந்தை பாசிட்டிவ்! பிரசவத்துக்குப் பிறகு 72 மணி நேரம் என்ற கெடுவுக்குள் எப்படியோ எனக்கு ஊசி போட்டுவிட்டார்கள்.

மாமியாருக்கு ஒரே குழப்பம், "பாசிட்டிவ் குழந்தைக்கு, ஊசி உனக்கா?" என்று. நியாயமான கேள்விதான். பிரசவத்தின்போது குழந்தையின் சிவப்பணுக்கள் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்தில் கலந்துவிடும், அவற்றுக்கு எதிராக அம்மாவின் உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கக் கற்றுக்கொண்டுவிட்டால் அடுத்து வயிற்றில் வரும் பாசிட்டிவ் குழந்தையின் ரத்த அணுக்களை அது உடைக்கும். ஊசி அந்தக் கற்றலைத் தடுக்கிறது, அவ்வளவுதான். முதல் குழந்தைக்கு பொதுவாக ஒன்றும் ஆவதில்லை என்பதால்தான் பலரும் இதை அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். உங்களுக்கெல்லாம் எப்படி நடந்தது?

*

எங்கள் வீட்டில் இதற்கு நேர் எதிர். நானும் நெகட்டிவ், மகளும் நெகட்டிவ், அதனால் பிரசவத்துக்குப் பிறகு ஊசி தேவையில்லை என்றார் டாக்டர். அம்மா விடவே இல்லை, "எல்லாருக்கும் போடுறாங்க, நம்மளை மட்டும் ஏன் விட்டாங்க" என்று. அப்பா பாசிட்டிவ் என்றால் குழந்தையும் பாசிட்டிவாகத்தான் பிறக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்பாவுக்குள் ஒரு நெகட்டிவ் மரபணு ஒளிந்திருந்தால் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதனால்தான் ஊகத்தில் விடாமல் குழந்தையின் ரத்தத்தையே பார்க்கிறார்கள்.

*

கணவன் பக்கத்திலிருந்து ஒரு அனுபவம். மனைவி பி நெகட்டிவ். தொடர் விடுமுறை, அனுப்பிய சாம்பிள் உறைந்துவிட்டது, திரும்ப எடுக்க வேண்டும் என்றார்கள், எடுக்க வேண்டியவர் வரவில்லை. நான் பதறிக்கொண்டிருந்தபோது டியூட்டி டாக்டர் அம்மா நிதானமாகச் சொன்னார்: "ரிசல்ட் வராட்டி பாசிட்டிவ்னு வச்சுக்கிட்டு ஊசியைப் போட்டுடுவோம், காத்திருந்து கெடுவைத் தாண்ட விட மாட்டோம்." அப்படியே போட்டார்கள். 72 மணி தாண்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று கைவிடுவதும் தப்பு என்று அவரே சொன்னார், 10 நாள் வரைக்கும் கொடுத்தால் ஓரளவு பாதுகாப்பு கிடைக்கும், ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

காத்திருந்த நேரத்தில் இந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்று படித்தேன். ரத்த தானம் செய்பவர்களின் பிளாஸ்மாவிலிருந்துதானாம். ஆஸ்திரேலியாவில் இந்த மருந்துக்குப் பிளாஸ்மா கொடுத்துவந்த ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர் மொத்தம் 1,173 முறை தானம் கொடுத்திருக்கிறார், 2025இல்தான் காலமானார். முகம் தெரியாத மனிதர்களின் ரத்தம் என் மனைவியின் கையில் ஏறியிருக்கிறது என்பதை இன்னும் நம்ப முடியவில்லை.

*

என் கதை கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் கர்ப்பம் கலைந்தபோது நான் நெகட்டிவ் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை, ஊசியும் போடவில்லை. கருச்சிதைவு, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், வயிற்றில் அடிபடுவது எல்லாவற்றிலுமே ரத்தம் கலக்க வாய்ப்பு உண்டு என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அடுத்த கர்ப்பத்தில் கூம்ப்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ், அதாவது என் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகிவிட்டது. எதிர்ப்பொருளின் அளவை அடிக்கடி எடுத்துப் பார்த்தார்கள், அது ஏற ஏற, குழந்தையின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று டாப்ளர் ஸ்கேன் பார்த்தார்கள். ரத்தசோகை வந்தால் அந்த வேகம் கூடுமாம். வயிற்றுக்குள்ளேயே ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரவில்லை, அது என் அதிர்ஷ்டம்.

பிறந்த அன்றே மகனுக்கு மஞ்சள் ஏறியது. முதல் 24 மணி நேரத்துக்குள் வரும் மஞ்சளை ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நர்ஸ் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. உடனே லைட்டில் வைத்தார்கள், மஞ்சளை உண்டாக்கும் பிலிருபின் அடங்காததால் ரத்தத்தை மாற்றி ஏற்றினார்கள். இதற்கு நடுவில் ஒரு விசித்திரம்: கொடி ரத்தத்தில் பார்த்த முதல் ரிப்போர்ட்டில் மகன் நெகட்டிவ்! நெகட்டிவ் குழந்தைக்கு எப்படி இந்த அளவு பாதிப்பு வரும் என்று குழந்தை டாக்டர் அந்த ரிப்போர்ட்டை ஏற்கவே இல்லை. லேபில் மறுபடி வேறு முறையில் பார்த்துப் பாசிட்டிவ் என்று உறுதி செய்தார்கள். எனக்கு ஊசி போடவில்லை, ஏற்கெனவே எதிர்ப்பொருள் உருவாகிவிட்டவருக்கு அதனால் பயனில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் மகனின் ஹீமோகுளோபினைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள், மஞ்சள் இறங்கிய பின்னும் ரத்தசோகை வரலாம் என்பதால். அந்த முதல் ரிப்போர்ட் ஏன் அப்படி வந்தது என்று இங்கே யாருக்காவது தெரியுமா?

*

ரத்த வங்கியில் வேலை பார்க்கிறேன், நான் சொல்கிறேன். உங்கள் எதிர்ப்பொருள்கள் மகனின் சிவப்பணுக்களை முழுக்க மூடியிருக்கும். பாசிட்டிவ் அணுக்களில் மட்டும் ஒட்டும் ஆன்டி-டியைத்தான் நாங்கள் டெஸ்டுக்கு ஊற்றுவோம், அது போய் ஒட்டுவதற்கு இடமே இருக்காது, எல்லா நாற்காலியிலும் ஆள் உட்கார்ந்த மாதிரி. அதனால் பாசிட்டிவ் அணுக்களும் நெகட்டிவ் போலக் காட்டும். அந்த எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்துப் பார்த்தால் உண்மை தெரியும். உங்கள் டாக்டர் ரிப்போர்ட்டை நம்பாமல் குழந்தையைப் பார்த்து முடிவெடுத்தாரே, அவருக்கு என் வணக்கம்.

வெளியே தெரியாத இன்னொரு தொல்லை, சாம்பிள் எடுக்கும் விதம். அவசரத்தில் கொடியைப் பிழிந்து ட்யூபில் விடுவார்கள், அப்போது கொடிக்குள் இருக்கும் வழவழப்பான ஜெல்லியும் சேர்ந்து வந்துவிடும். அது அணுக்களைக் கட்டி கட்டியாகச் சேர்த்துவிடும், பார்த்தால் எல்லாமே பாசிட்டிவ் மாதிரி தெரியும், ஓ நெகட்டிவ் குழந்தைகூட ஏபி பாசிட்டிவ் ஆகிவிடும். சலைனில் பல முறை கழுவித்தான் டெஸ்ட் போடுவோம். சிரிஞ்சால் கொடியின் ரத்தக்குழாயிலிருந்து எடுத்து அனுப்பினால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம், எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லை, போகட்டும்.

28ஆவது வாரத்தில் ஊசி போட்டவர்களுக்கு ஒரு தகவல். அந்த மருந்து கொஞ்சம் குழந்தைக்கும் போய்ச் சேரும், அதனால் குழந்தையின் டைரக்ட் கூம்ப்ஸ் டெஸ்ட் (சிவப்பணுக்களில் எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது) லேசாகப் பாசிட்டிவ் வரலாம். குழந்தை நன்றாக இருந்தால் அதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டியதில்லை, மஞ்சளைக் கவனித்தால் போதும். குழந்தை நெகட்டிவ் என்று வந்தால் நாங்கள் வீக் டி, அதாவது சாதாரண டெஸ்டில் பிடிபடாத அளவுக்கு லேசான பாசிட்டிவ், இருக்கிறதா என்றும் பார்ப்போம். இருந்தால் அது பாசிட்டிவ் கணக்குதான், அம்மாவுக்கு ஊசி போட வேண்டும்.

*

அக்காவுக்கு இப்போது ஏழாம் மாதம், அவர் நெதர்லாந்தில் இருக்கிறார். அங்கே 27ஆவது வாரத்தில் அம்மாவின் ரத்தத்தை மட்டும் எடுத்து, அதில் மிதக்கும் குழந்தையின் டிஎன்ஏவை வைத்தே பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லிவிடுகிறார்கள், 2011லிருந்து நடக்கிறதாம். அக்கா குழந்தை நெகட்டிவ் என்று வந்துவிட்டது, ஊசியே இல்லை. நம் கைக்கும் இது சீக்கிரம் வந்தால் நன்றாக இருக்கும்.

*

எனக்கு இரட்டைக் குழந்தைகள் வரப்போகிறது, நான் ஏ நெகட்டிவ். ஒன்று பாசிட்டிவ் ஒன்று நெகட்டிவ் என்றால் என்ன செய்வார்கள்? ஊசியும் இரண்டு போடுவார்களா?

*

(மறுபடி ரத்த வங்கியிலிருந்து) இரண்டு குழந்தைகளுக்கும் தனித்தனியாக டெஸ்ட் உண்டு, ஒன்று பாசிட்டிவாக இருந்தாலே உங்களுக்கு ஊசி உண்டு. ஊசியின் அளவு குழந்தைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது இல்லை, எவ்வளவு ரத்தம் கலந்தது என்பதைப் பொறுத்தது. 300 மைக்ரோகிராம் ஊசி ஒன்று குழந்தையின் ரத்தம் ஏறக்குறைய 30 மில்லி வரை கலந்திருந்தால் சமாளிக்கும். இரட்டை, சிசேரியன், நஞ்சுக்கொடியைக் கையால் எடுத்தது போன்ற சமயங்களில் அதற்கு மேலும் கலந்திருக்கலாம் என்பதால் உங்கள் ரத்தத்தை எடுத்து, குழந்தையின் ரத்தம் எவ்வளவு கலந்தது என்று காட்டும் க்ளைஹாவர் டெஸ்ட் பார்ப்பார்கள், அதிகமாக இருந்தால் கூடுதல் டோஸ். பிரசவ அறைக்குள் போகும்போதே "ட்யூபில் முதல் குழந்தை, இரண்டாவது குழந்தை என்று எழுதி ஒட்டுங்கள்" என்று கூட வருபவரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், லேபில் எங்களுக்கு இரண்டு ட்யூபும் ஒரே மாதிரிதான் தெரியும்.