கடிகாரம், ரேடியோ, போன் மூணும் ஒரே பெட்டியில்: உங்க வீட்டில் ஒழுங்கா ஓடுச்சா?

முதுநகர்வாசி (கடலூர்):

போன மாசம் பரண் சுத்தம் பண்ணும்போது ஒரு அட்டைப்பெட்டி அகப்பட்டது. 1994-ல் அக்கா வீட்டுக்காரர் ரியாத்திலிருந்து லீவுக்கு வந்தப்போ கொண்டுவந்தது. சிவப்பு எண்ணில் மணி காட்டும் கடிகாரம், பக்கவாட்டில் ரேடியோ, மேலே ரிசீவர் வைத்த பட்டன் போன், எல்லாம் ஒரே பெட்டி. அப்ப எங்க வீட்டில் டெலிபோன் லைனே கிடையாது. மனு போட்டுக் காத்திருந்த காலம். லைன் இல்லாத வீட்டுக்கு போன் வந்த கதையைச் சொல்லித் தெருவே சிரித்தது. நாலு வருஷம் கழித்து லைன் வந்தபோது கூடவே ஒரு போனும் கொடுத்துட்டாங்க. இது பரணுக்குப் போயிடுச்சு.

இப்ப இறக்கினது அம்மாவுக்காக. வயசு 76. தொடுதிரை அவங்க விரலுக்கு மசியல. ராத்திரி மணி பார்க்கணும்னா முதல்ல மூக்குக்கண்ணாடியைத் தேடணும். காலையில் 7:15-க்கு ஆகாசவாணி செய்தி கேட்காம காபி இறங்காது. மூணுக்கும் சேர்த்து தலைமாட்டில் இதை வெச்சுடலாம்னு நினைச்சேன்.

பின்பக்கம் 110/220 என்று ஒரு சின்ன சுவிட்ச். அது 110-ல் நின்றது! அவசரப்பட்டு சொருகியிருந்தா அங்கேயே புகைந்திருக்கும். தள்ளி 220-ல் வைத்தேன். அடியில் 9 வோல்ட் பேட்டரி கசிந்து முனையெல்லாம் பச்சை பூத்திருந்தது, சுரண்டித் துடைத்தேன். சொருகினதும் 12:00 கண் சிமிட்டியது. முப்பது வருஷம் தூங்கினது எழுந்துருச்சேன்னு எனக்கு ஒரே பெருமை.

காலை ஏழு மணிக்கு நேரம் சரி பண்ணினேன். நண்பகல் 12-க்குப் பார்த்தா 11:10. மறுநாள் காலை ஏழுக்கு 3:00. அம்மா அதைப் பார்த்துட்டு மறுபடி படுத்துட்டாங்க. மூணு நாள் முழுசா முடிஞ்சு காலை ஏழு மணிக்கு அதுவும் 7:00-ன்னு காட்டியது. "பாத்தியா, தானா சரியாயிடுச்சு"ன்னாங்க. பக்கத்தில் பி.எம். புள்ளி எரிந்ததை நான் சொல்லல.

ரேடியோவில் புதுச்சேரி நிலையம், 1215 கிலோஹெர்ட்ஸ், வருது. ஆனா மேலே 'ர்ர்ர்'னு அரைக்கிற சத்தம். போனில் டயல் டோன் இருக்கு, நம்பர் அழுத்தினா போகல. ஃபைபர் பெட்டியின் போன் துளையில்தான் சொருகியிருக்கேன். இந்த மாதிரி வெச்சிருந்தவங்க யாராவது இருக்கீங்களா?

கோலக்காரி (புதுச்சேரி, லாஸ்பேட்டை):

எங்க வீட்டிலும் ஒண்ணு இருந்துச்சு அண்ணே. மார்கழிக்கு நாலரைக்கு எழுந்து கோலம் போடணும்னு அலாரம் வெச்சேன். முதல் நாள் அடிக்கவே இல்ல. சாயங்காலம் நாலரைக்கு, வீடு நிறைய விருந்தாளி இருக்கும்போது, உள்ளேயிருந்து 'பீப் பீப்'. ஏ.எம்., பி.எம். புள்ளி தகராறு.

பீப் சத்தம் குழந்தையை எழுப்புதுன்னு அடுத்த நாள் 'ரேடியோ அலாரம்' பக்கம் தள்ளினேன். நாலரைக்குப் பாட்டோட எழலாம்னு ஆசை. அந்த நேரத்துக்கு நிலையம் எங்க திறந்திருக்கு? அஞ்சே முக்காலுக்கு மேலதானே அந்த வயலின் அடையாள இசையே வரும். ஒன்றேகால் மணி நேரம் 'உஸ்ஸ்ஸ்'னு இரைஞ்சுக்கிட்டே இருந்திருக்கு. மழை பெய்யுதுன்னு நெனச்சு நான் நல்லா இழுத்துப் போர்த்திக்கிட்டேன். அந்த வருஷம் எங்க வாசலில் கோலம் பெரும்பாலும் ஆறரை மணிக் கோலம்தான்.

பெயர் வேண்டாம்:

செல்போனை ஸ்டாண்டில் நிக்க வெச்சா முடிஞ்சுது. இதுக்கு இவ்ளோ பாடா?

முதுநகர்வாசி:

வெச்சுப் பார்த்தாச்சு தம்பி. ராத்திரி அது கீழே விழுந்து கட்டிலுக்கடியில் போய், அதைத் தேட இன்னொரு செல்போன் தேவைப்பட்டது.

ஓய்வுபெற்ற மின்காரன் (கடலூர், புதுப்பாளையம்):

நெய்வேலியில் முப்பது ஆண்டுக்கு மேல் மின் உற்பத்தியில் இருந்தவன். உங்கள் கடிகாரம் கெட்டுப்போகவில்லை. அது சவூதி கணக்கில் ஓடுகிறது.

கரண்ட் இருக்கும்போது இந்த வகைக் கடிகாரம் நேரத்தை அளக்கத் தனியாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. சுவரிலிருந்து வரும் மின்சாரம் வினாடிக்கு எத்தனை முறை அலை அடிக்கிறதோ, அதை எண்ணித்தான் அது வினாடி கணக்கிடுகிறது. சவூதியில் 60 ஹெர்ட்ஸ், அமெரிக்காவிலும் 60, நம்மிடம் 50. அறுபது அலை வந்தால்தான் ஒரு வினாடி என்று அது காத்திருக்கும். நாம் ஐம்பதுதான் தருகிறோம். எனவே மணிக்குப் பத்து நிமிடம், நாளுக்கு நான்கு மணி நேரம் பின்தங்கும். மூன்று நாளில் பன்னிரண்டு மணி நேரம் பிந்துவதால் முகத்தில் மட்டும் சரியான மணி தெரியும். உங்கள் அம்மா சொன்னது பாதி சரிதான்! ஸ்னூஸ் பொத்தான் அழுத்தினால் 9 நிமிடத்துக்குப் பதில் 10 நிமிடம் 48 வினாடி தூங்கவிடும். அதில் யாருக்கும் புகார் இருக்காது.

பின்னால் உள்ள 110/220 சுவிட்ச் வோல்ட்டுக்கு மட்டும்தான். டிரான்ஸ்பார்மர் வைத்தாலும் ஹெர்ட்ஸ் மாறாது. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கடிகார சிப்புகள் பலவற்றில் 50, 60 இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க ஒரு கம்பிக்கால் உண்டு. சில பெட்டிகளில் அதற்கு அடியிலேயே குட்டி சுவிட்ச் இருக்கும். இல்லாவிட்டால் உள்ளே ஒரு கம்பியை மாற்ற வேண்டும். நீங்களே திறக்காதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேட்க ஆள் கிடைத்தால் விடமாட்டேன் என்று என் வீட்டில் சொல்வார்கள். தொண்ணூறுகளில் 50 ஹெர்ட்ஸ் கடிகாரமே இங்கே ஒழுங்காக ஓடாது. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்குப் போட்டதும் தென் மண்டலத்தில் அலைவெண் 48.5 வரை இறங்கிவிடும். ஆறு மணிக்குச் சரிசெய்த கடிகாரம் இரவு பத்துக்கு ஏழு நிமிடம் பிந்தியிருக்கும். என் வீட்டில் ஒன்று இருந்தது. கண்ட்ரோல் ரூமில் மீட்டர் பார்த்துவிட்டு வந்து வீட்டிலும் அதே சரிவைப் பார்ப்பேன். 2003 ஜனவரியில் தென் மண்டலத்துக்குப் புதிய கட்டண முறை வந்தது. அலைவெண் இறங்கியிருக்கும் நேரத்தில் ஒப்புக்கொண்டதைவிட அதிகமாக இழுக்கும் மாநிலம் கூடுதல் விலை தரவேண்டும் என்றானது. அதன் பிறகு சரிவு குறைந்தது. 2013 டிசம்பர் 31-ல் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன் வழியாக நாட்டின் மற்ற மண்டலங்களோடு இணைந்த பின் இன்னும் நிலையானது.

சொல்தா வீட்டுப் பேரன் (புதுச்சேரி, முத்தியால்பேட்டை):

எங்க தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. பென்ஷன் வாங்கிட்டு பிரான்சிலிருந்து வரும்போது இதே மாதிரி ஒண்ணு எடுத்துட்டு வந்தார். அங்கயும் 50 ஹெர்ட்ஸ், 230 வோல்ட். கரண்ட் பின்கூட நம்ம சுவரில் அப்படியே உட்கார்ந்தது. கடிகாரம் சொக்கத்தங்கம்.

வம்பு போன் பின்னில். நம்மது சின்ன கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் துண்டு. அவங்களது உள்ளங்கை அளவுக்கு 'டி' வடிவத்தில் ஒரு கட்டை. எட்டுத் தகடு வைக்க இடம், லைன் ஓடுறது ரெண்டில்தான். அதை வெட்டக்கூடாது, அப்படியே வெச்சிருந்து திரும்பப் போகும்போது எடுத்துட்டுப் போவேன்னு தாத்தா பிடிவாதம். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அதுக்கு ஏத்த சாக்கெட் தேடி மூணு வாரம் அலைஞ்சோம். பழைய பிரெஞ்சுப் புத்தகம் கிடைச்சுது, கிராமபோன் ஊசி கிடைச்சுது, சாக்கெட் கிடைக்கல. கடைசியில் அவர் மத்தியானம் தூங்கும்போது அப்பா வெட்டி ரெண்டு கம்பியை முறுக்கிட்டார்.

ரேடியோவில் எஃப்.எம். தவிர இன்னும் ரெண்டு பெயர் போட்டிருக்கும், பி.ஓ., ஜி.ஓ. என்று. பி.ஓ.ன்னா போஸ்ட் ஆபீஸ், ஜி.ஓ.ன்னா கவர்மென்ட் ஆர்டர், அதான் அதில் ஒண்ணும் கேட்கலன்னு அப்பா சொல்வார். 'பெத்தீத் ஓந்த்', 'கிராந்த் ஓந்த்', சின்ன அலை, பெரிய அலைன்னு தாத்தா திருத்துவார். சின்ன அலைதான் நம்ம மீடியம் வேவ். பெரிய அலையில் நம்ம நாட்டில் ஒலிபரப்பே கிடையாது. ஆனா சாகிற வரைக்கும் தாத்தா தினம் ஒருதரம் அந்தப் பக்கம் முள்ளைத் திருப்பிப் பார்ப்பார்.

மின்காரன் அய்யா, அமெரிக்காவிலிருந்து டிஜிட்டல் முள் வெச்ச ரேடியோ கொண்டுவந்தவங்களுக்கு ஒரு எச்சரிக்கை சேர்த்துடறேன். அது மீடியம் வேவில் பத்துப் பத்தாத் தாவும். நம்மது ஒன்பது ஒன்பது. 720-ல் சென்னை பிடிக்கும். 1215-ல் நம்ம ஊரைப் பிடிக்கப் போனா 1210-க்கும் 1220-க்கும் நடுவில் வழுக்கிக்கிட்டே இருக்கும்.

பழைய லைன்மேன் (கடலூர்):

தம்பி முதுநகர்வாசி, பெட்டிக்கு அடியிலயோ பக்கத்திலயோ 'பி', 'டி'ன்னு ஒரு சுவிட்ச் இருக்கும் பாருங்க. பல்ஸ், டோன். உங்களுது பல்ஸ்ல நிக்குது. அழுத்துனதும் காதுல 'டக் டக் டக்'னு கேக்குதா? அதான். பழைய எக்ஸ்சேஞ்சுக்கு அது போதும். இப்ப வர ஃபைபர் பெட்டிங்க நெறைய டோன்தான் எடுத்துக்கும்.

ரேடியோ அரைக்குதுன்னீங்களே, அந்த ஃபைபர் பெட்டியோட அடாப்டரைக் கழட்டிட்டு ஒருதரம் கேளுங்க. மீடியம் வேவுக்கு ஆகாத பொருள் அது. எல்.ஈ.டி. பல்பும் அப்படித்தான். ரேடியோவைத் தள்ளி வைங்க, போன் கம்பியை நீட்டிக்குங்க. ரேடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பியும் பாருங்க. உள்ள இருக்கிற ஏரியல் கட்டை எந்தப் பக்கம் பாக்குதோ அதப் பொறுத்து சத்தம் ஏறும், எறங்கும்.

கம்பி இணைக்கும்போது பல்லால மட்டும் கடிச்சு உரிக்காதீங்க. சும்மா இருக்கும்போது லைன்ல 48 வோல்ட். ரிங் வந்தா 75-க்கு மேல போவும். தேவனாம்பட்டினத்துல ஒரு வீட்டுல வாயில கம்பி வெச்சிருக்கும்போது ரிங் வந்துச்சு. அந்த வீட்டுப் பாட்டி என்னைப் பாத்து சாமி வந்துடுச்சுன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. கடலோரத்துல இன்னொரு தொல்லை உப்புக்காத்து. சுவத்துல இருக்கிற டப்பா ஸ்க்ரூ பச்சை கட்டிடும், கரகரன்னு வரும். செட்டு மேல பழி போடறதுக்கு முன்னாடி டப்பாவத் தொறந்து பாருங்க.

தானே புயல் அடிச்சது 2011 டிசம்பர் 30 காலையில. அன்னிக்கே கரண்ட் போயிடுச்சு. மஞ்சக்குப்பத்துல ஒரு வீட்டுல இந்த மூணு-ஒண்ணு பெட்டி. கடிகாரம் இருட்டு, ரேடியோ ஊமை, போன் மட்டும் உயிரோட. அந்தத் தெருவுக்கு மண்ணுக்குள்ள போன கேபிள், அறுபடல. போனுக்கு வேண்டிய கரண்டு எக்ஸ்சேஞ்சு பேட்டரியில இருந்து அந்த ரெண்டு கம்பி வழியாவே வந்துடும். தெருவே வந்து வரிசை கட்டி துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் 'உயிரோட இருக்கோம்'னு சொல்லிட்டுப் போச்சு. ஃபைபர்ல அது நடக்காது. வீட்டுல கரண்ட் போனா போனும் போச்சு. பெட்டிக்குச் சின்னதா ஒரு யூ.பி.எஸ். வெச்சுடுங்க, அம்மாவுக்காகச் சொல்றேன்.

முதுநகர்வாசி:

எல்லாருக்கும் நன்றி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய ரேடியோ மெக்கானிக்கைக் கண்டுபிடிச்சேன். மூடியைக் கழட்டினதும், 28 கால் சிப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பியைத் தொட்டுக் காட்டி "சவூதியா?"ன்னார். மாத்தி வைக்க அஞ்சு நிமிஷம், ஊர்க்கதை பேச ஒரு மணி நேரம். இப்ப கடிகாரம் பத்து நாளா சரியா ஓடுது.

'பி' சுவிட்சை 'டி'க்குத் தள்ளினதும் நெல்லிக்குப்பத்தில் இருக்கிற அக்காவுக்கு முதல் போன் போச்சு. ஃபைபர் பெட்டி கூடத்தில், அம்மா அறை பின்கட்டில். பன்னிரண்டு மீட்டர் கம்பி வாங்கி நிலைக்கு மேலே ஓட்டினேன். அரைக்கிற சத்தம் போயே போச்சு. ரிசீவரை எடுத்தா ரேடியோ தானா ஊமையாகுது, வெச்சா திரும்ப வருது. "நான் பேசி முடிக்கிற வரைக்கும் செய்தி வாசிக்கிற பொண்ணு காத்துக்கிட்டு இருந்துச்சு"ன்னு அம்மா அக்காகிட்ட சொல்லியிருக்காங்க.

நேத்து மாதாந்திரப் பராமரிப்புன்னு காலை ஒன்பதிலிருந்து ரெண்டு வரை கரண்ட் நிறுத்தினாங்க. புது 9 வோல்ட் பேட்டரி நேரத்தைத் தாங்கிப் பிடிச்சுது, ஆனா கரண்ட் வந்தப்போ ஏழு நிமிஷம் முன்னே ஓடியிருந்துச்சு. சரி பண்ணப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டாங்க. கடிகாரம் கொஞ்சம் முன்னாடி இருந்தாத்தான் வீடு வீடா இருக்குமாம்.